நண்பகலில் ஓட வேண்டிய மோட்டார்

2020 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. தெற்கு ஆஸ்திரேலியாவில் பகல் 12.05 மணி தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு, அந்த மாநிலத்துக்குத் தேவைப்பட்ட மின்சாரம் முழுவதையும் சூரிய ஒளியே கொடுத்தது. அதில் 77 விழுக்காடு வீட்டுக் கூரைகளிலிருந்து வந்தது. அடுத்த ஐந்தே மாதத்தில், 2021 மார்ச் 14 அன்று, அதே மாநிலத்தில் கூரை மின்சாரம் மிஞ்சிவிட்டது. மின்தொகுப்பு நிலைகுலையாமல் இருக்க, ஒரு பகுதி வீடுகளின் சோலாரைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டிவந்தது. நல்ல வெயில், நல்ல விளைச்சல், ஆனால் அந்த நேரத்தில் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் போதிய வேலை இல்லை.

ஆஸ்திரேலியாவில்தான் பத்தில் ஒருவருக்கு மேல் நீச்சல் குளம் உள்ள வீட்டில் வசிக்கிறார்கள். குளத்துத் தண்ணீரைச் சுற்றவைத்து வடிகட்டும் மோட்டார் நாள்தோறும் பல மணி நேரம் ஓடுகிறது. குளமுள்ள வீட்டின் மின் கட்டணத்தில் அதன் பங்கு பெரியது. பல வீடுகளில் அந்த மோட்டாரின் டைமர் நள்ளிரவுக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது. நிலக்கரி நிலையங்களை இரவில் அணைத்துவிட முடியாது. அந்த மின்சாரத்தை யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று இரவுக்கு மலிவான கட்டணம் வைத்தார்கள். மக்களும் குளத்து மோட்டாரை இரவில் ஓடவிட்டார்கள். காலம் மாறி, மலிவான நேரம் நள்ளிரவிலிருந்து நண்பகலுக்கு வந்துவிட்டது.

வீட்டு நீச்சல் குளத்தை சோலாரில் ஓட்ட நினைப்பவர் முதலில் கேட்பது, “எத்தனை பேனல் வேண்டும்?” என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் கடைசியில் கேட்க வேண்டியது. எவ்வளவு தண்ணீர் சுற்ற வேண்டும், என்ன வேகத்தில், எந்த நேரத்தில் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பேனலின் எண்ணிக்கை பெரும்பாலும் தானே சுருங்கிவிடுகிறது.

எவ்வளவு சுற்ற வேண்டும்?

ஒரு சராசரிக் குடும்பக் குளத்தில் 50,000 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகை மோட்டார் 1,100 வாட் இழுத்து, மணிக்கு 15,000 லிட்டரைத் தள்ளும். குளத்தின் கொள்ளளவு ஒரு தடவை வடிகட்டி வழியாகப் போக 3 மணி 20 நிமிடம் போதும். ஆனால் குளத்துக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையில் அதை எட்டு மணி நேரம் ஓட்டுவது சாதாரணம். நாளொன்றுக்கு 8.8 யூனிட்.

கொள்ளளவு ஒருமுறை போய்வந்தால் தண்ணீர் முழுவதும் வடிகட்டப்பட்டுவிட்டது என்று எண்ணிவிடவும் கூடாது. வடிகட்டிய தண்ணீர் குளத்துக்கே திரும்பி, வடிகட்டாததோடு கலக்கிறது. நன்றாகக் கலக்கும் குளத்தில் ஒரு சுற்று முடியும்போது ஏறக்குறைய 63 விழுக்காடு தண்ணீர்தான் வடிகட்டியைப் பார்த்திருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்று சுற்றில் 95. ஆனால் குளம் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிவதில்லை. நேற்றைய சுற்றின் பயன் இன்றும் இருக்கிறது. குளோரின் மருந்தும் கலந்துகொண்டே வருகிறது.

இதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு நல்ல சான்று உண்டு. ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் எரிசக்திச் சிக்கன மையம் 120 குளங்களை ஆராய்ந்தது. பெரிய மோட்டாரை எடுத்துவிட்டுச் சிறிய மோட்டாரை வைத்தவர்களுக்கு 40 விழுக்காடு மிச்சமானது. ஓடும் நேரத்தைக் குறைத்தவர்களுக்கு 60 விழுக்காடு. இரண்டையும் செய்தவர்களுக்கு 75 விழுக்காடு வரை. ஓடும் நேரத்தை மூன்று மணி நேரத்துக்கும் கீழே கொண்டுவந்தவர்களும் தங்கள் தண்ணீரில் குறை காணவில்லை. இந்த ஆய்வில் ஒரு பேனல்கூட இல்லை. முக்கால் பங்கு வரை செலவு, மோட்டாரின் அளவையும் ஓடும் நேரத்தையும் கவனித்ததாலேயே குறைந்திருக்கிறது.

வேகத்தில் இருக்கும் புதையல்

பம்புகளுக்குப் பொதுவான ஒரு விதி இருக்கிறது. சுழலும் வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீரின் அளவு பாதியாகும். அழுத்தம் கால் பங்காகும். இழுக்கும் மின்சாரமோ எட்டில் ஒரு பங்காகும். பாதி வேகத்தில் அதே தண்ணீரைச் சுற்ற இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், செலவாகும் மொத்த யூனிட் நான்கில் ஒன்றுதான். எதிர்க்காற்றில் சைக்கிளை வேகமாக மிதிக்கிறவனுக்கு மூச்சு வாங்குவதும், நிதானமாகப் போகிறவன் களைப்பின்றி ஊர் சேர்வதும் இதே கணக்குத்தான்.

இந்த விதி எல்லா இடத்திலும் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை என்பதைத் தமிழ்நாட்டு விவசாயி அறிவார். கோவைப் பக்கம் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றில் இறங்கியிருக்கும் மோட்டாரின் வேகத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் கால் பங்காகி, தண்ணீர் மேலே வந்து சேராது. அங்கே வேலை, தண்ணீரைத் தூக்குவது. சோலார் பம்புசெட் வைத்த தோட்டங்களில் இளங்காலை வெயிலுக்குத் தண்ணீர் வராமல், வெயில் ஏறிய பிறகே குழாயில் வேகம் பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

நீச்சல் குளத்தில் தூக்கும் வேலையே இல்லை. குளத்திலிருந்து எடுத்த தண்ணீர் குளத்துக்கே திரும்புகிறது. மோட்டார் போராடுவது குழாயின் உராய்வோடும் வடிகட்டியின் தடையோடும் மட்டும்தான். வேகம் குறையக் குறைய அந்தத் தடையும் கரைந்துவிடும். அதனால் மெதுவாக ஓடுவதன் முழுப் பலனையும் அறுவடை செய்ய, வீட்டில் ஓடும் மோட்டார்களில் இதைப்போல் வாய்ப்பான ஒன்றைக் காண்பது கடினம்.

வேகத்தை மாற்றிக்கொள்ளும் பம்புகள் இதற்காகவே வந்தன. நிரந்தரக் காந்த மோட்டார், அதோடு ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. கணக்குப்படி பாதி வேகத்தில் 140 வாட் வர வேண்டும். பெட்டியின் இழப்பு, மோட்டாரின் இழப்பு எல்லாம் சேர்த்து நடைமுறையில் 200 வாட்டை ஒட்டி வரும். மேலே சொன்ன குளத்தை அது ஏழு மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவிடும். நாளொன்றுக்கு 8.8 யூனிட் எங்கே, 1.5 யூனிட் எங்கே!

அரசுகளும் இதைக் கவனித்தன. கலிஃபோர்னியா முன்னதாகவே குளத்து மோட்டார்களுக்குத் திறன் விதிகளைக் கொண்டுவந்தது. அமெரிக்க எரிசக்தித் துறையின் விதி 2021 ஜூலை 19 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் குளத்துப் பம்புகளுக்கு நட்சத்திர முத்திரை 2022 அக்டோபர் முதல் கட்டாயம். குளிர்பதனப் பெட்டி வாங்குகிறவர் நட்சத்திரம் எண்ணுவதுபோல் அங்கே பம்பு வாங்குகிறவரும் இப்போது எண்ணலாம்.

இந்த இடத்தில்தான் பேனல் கணக்கு மாறுகிறது. சிட்னியில் ஒரு கிலோவாட் சோலார், ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 3.9 யூனிட் தரும், பிரிஸ்பேனில் 4.2, மெல்போர்னில் 3.6. இன்று கடையில் கிடைக்கும் 440 வாட் பேனல் ஒன்று சிட்னியில் நாளுக்கு 1.7 யூனிட் கொடுக்கும். பழைய மோட்டாரை எட்டு மணி நேரம் ஓட்ட அப்படி ஐந்து பேனலுக்கும் மேல் வேண்டும். மெதுவாக ஓடும் மோட்டாருக்கு ஒன்று போதும்.

யூனிட்டைத் தாண்டியும் ஒரு நன்மை உண்டு. 1,100 வாட் மோட்டார் ஓடும் ஒவ்வொரு கணமும் கூரையிலிருந்து 1,100 வாட் வந்துகொண்டிருக்க வேண்டும். மேகம் மறைத்தால் பற்றாக்குறை கிரிட்டிலிருந்து விலைக்கு வரும். 200 வாட் மோட்டாரோ மூட்டமான குளிர்காலப் பகலிலும்கூட 6.6 கிலோவாட் சோலார் உள்ள கூரை தரும் சொற்ப மின்சாரத்துக்குள் அடங்கிவிடும். குறைவாக இழுத்து நீண்ட நேரம் ஓடுவது வெயிலின் போக்கோடு இயல்பாகப் பொருந்துகிறது.

அறிவுரையைத் தலைகீழாக்கிய கட்டணம்

எந்த நேரத்தில் ஓட்டுவது என்பதற்கு இயற்பியலில் பதில் இல்லை. மின் கட்டண அட்டையில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பதினைந்து ஆண்டு அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

குயின்ஸ்லாந்து அரசு 2008இல் கூரை சோலாருக்கு ஊக்கம் தர, வீட்டின் தேவைக்குப் போக மிஞ்சி கிரிட்டுக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 44 சென்ட் கொடுத்தது. கிரிட்டிலிருந்து வாங்கும் விலை அன்று அதைவிட மிகக் குறைவு. அந்தக் கணக்கில் பகலில் பம்பை ஓட்டுவது நஷ்டம். வெயில் நேரத்தில் வீட்டை அமைதியாக வைத்து எல்லாவற்றையும் விற்றுவிட்டு, இரவில் வாங்கிய மின்சாரத்தில் குளத்தைச் சுற்றவைப்பவரே புத்திசாலி. விக்டோரியாவின் 60 சென்ட் திட்டத்திலும் இதே நிலை. நியூ சவுத் வேல்ஸ் 2010 ஜனவரியில் தொடங்கிய திட்டமோ வேறு மாதிரி. அங்கே கூரையில் விளைந்த மொத்தத்துக்கும் 60 சென்ட். வீட்டில் எப்போது எதை ஓட்டினாலும் அந்த வருமானம் மாறாது.

பிறகு விலை இறங்கியது. நியூ சவுத் வேல்ஸ் திட்டம் 2016 இறுதியில் முடிந்தது. விக்டோரியாவில் புதிய வீடுகளுக்கான குறைந்தபட்ச விலை 2019-20இல் 12 சென்ட், 2022-23இல் 5.2, 2024-25இல் 3.3. 2025 ஜூலையில் அது 0.04 சென்ட்டுக்கு வந்தது. ஏறக்குறைய ஒன்றுமில்லை. நண்பகலில் கிரிட்டில் மின்சாரம் குவிந்து கிடக்கும்போது இன்னும் ஒரு யூனிட்டை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? கலிஃபோர்னியாவிலும் இதே கதை. அங்கே விற்ற யூனிட்டும் வாங்கிய யூனிட்டும் கிட்டத்தட்ட சமமாகக் கழிக்கப்பட்ட காலத்தில் பம்பு ஓடும் நேரம் பெரிய விஷயமாக இல்லை. 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு விற்கும் யூனிட்டின் மதிப்பு சராசரியாக முக்கால் பங்கு சரிந்தது. நேரம் திடீரென்று முக்கியமாகிவிட்டது.

ஒரே வீடு, ஒரே கூரை, ஒரே பம்பு. ஆனாலும் 2010இல் சரியாக இருந்த அறிவுரை இன்று பெரும்பாலோருக்குத் தவறு. பெரும்பாலோருக்கு என்றே சொல்ல வேண்டும். குயின்ஸ்லாந்தின் 44 சென்ட் திட்டம் நிபந்தனைகளோடு 2028 வரை நீடிக்கிறது. அதில் தொடர்பவர்களுக்குப் பழைய அறிவுரையே இன்னும் சரி. நண்பரின் வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து டைமரைத் திருப்பக் கூடாது. தன் வீட்டுக் கட்டண ரசீதைப் பார்த்துத் திருப்ப வேண்டும்.

எண்களில் இதை ஒருமுறை பார்த்துவிடலாம். வாங்கும் யூனிட்டுக்கு 32 சென்ட், விற்கும் யூனிட்டுக்கு 5 சென்ட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பழைய மோட்டார் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 3,212 யூனிட், சுமார் 1,028 டாலர். அதே மோட்டார் முழுக்கச் சொந்தக் கூரையின் மிச்சத்தில் ஓடினால் இழப்பது விற்றிருக்கக்கூடிய 161 டாலர். பேனலே இல்லாமல், மெதுவாக ஓடும் மோட்டாருக்கு மட்டும் மாறினால் 175 டாலர். இரண்டும் சேர்ந்தால் 27 டாலர். நேரத்தை மாற்றுவதும் வேகத்தை மாற்றுவதும் தனித்தனியே ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன. ஆனால் கூரையில் ஏற்கெனவே சோலார் இருக்கும் வீட்டில் நேரத்தை மாற்றக் காசு தேவையில்லை. புது பம்புக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். அதனால் முதலில் டைமர். பழைய மோட்டார் ஓய்வுபெறும் நாளில் புது பம்பு.

தண்ணீர் என்ன சொல்கிறது?

பகலில் ஓட்டினால் குளோரின் வீணாகும் என்று பலரும் தயங்குவது உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் குளோரினைச் சிதைக்கிறது என்பது உண்மை. பாதுகாப்பு ஏதும் இல்லாத தண்ணீரில் சில மணி நேர வெயிலே பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆனால் இந்தச் சிதைவு மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நடக்கும். சயனூரிக் அமிலத்தைப் பத்து லட்சத்துக்கு 30 முதல் 50 பங்கு என்ற அளவில் கலப்பது அதைத் தாமதப்படுத்தத்தான்.

ஆஸ்திரேலியக் குளங்களில் உப்பு குளோரினேட்டர் பரவலாக இருப்பது பகல் ஓட்டத்துக்குச் சாதகமான செய்தி. உப்பு கலந்த தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி அங்கேயே குளோரின் தயாரிக்கும் கருவி அது. தண்ணீர் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும். பகலில் பம்பு ஓடினால் வெயில் தின்னத் தின்னப் புதிய குளோரின் வந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் குளிக்கும் நேரத்தில் தண்ணீரில் மருந்து இருக்கும். கையால் மருந்து போடுகிறவர்கள் மட்டும் அந்தியில் போட்டு, அது கலக்கும்வரை சிறிது நேரம் மோட்டாரை ஓடவிடுவது நல்லது.

மெதுவாக ஓடுவதற்கும் எல்லை உண்டு. குளோரினேட்டரின் செல்லுக்குள் குறைந்தபட்ச ஓட்டம் இல்லையென்றால் பாதுகாப்புக்காக அது நின்றுவிடும். தரையை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் கருவி மெதுவான ஓட்டத்தில் நகராது. மணல் வடிகட்டியைத் திருப்பிக் கழுவ முழு வேகம் தேவை. மிதக்கும் இலைகளை ஸ்கிம்மர் இழுக்கவும் கொஞ்சம் வேகம் வேண்டும். ஆகவே அனுபவமுள்ள தொழிலாளர்கள் வைக்கும் அட்டவணையில் பகல் முழுதும் நிதான ஓட்டமும், நடுவே வெயில் உச்சியில் இருக்கும்போது ஒரு மணி நேர வேக ஓட்டமும் இருக்கும். கோடையில் நேரத்தைக் கூட்டி, குளிர்காலத்தில் குறைப்பார்கள். வெயிலும் அப்படியே கூடிக் குறைவதால் இந்த ஏற்பாட்டுக்குத் தனி முயற்சி தேவைப்படுவதில்லை.

அண்டை வீட்டுக்காரரின் தூக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, இரவு 8 மணிக்குப் பிறகும் காலை 7 மணிக்கு முன்பும் (ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் 8 மணிக்கு முன்பும்) குளத்துப் பம்பின் சத்தம் பக்கத்து வீட்டு அறைகளுக்குள் கேட்கக் கூடாது. நள்ளிரவு டைமர் பல இடங்களில் சட்டத்தோடும் உரசிக்கொண்டிருந்தது.

நேரடியாகவா, வீட்டு இணைப்பு வழியாகவா?

பேனலிலிருந்து வரும் நேர் மின்னோட்டத்திலேயே ஓடும் தனி சோலார் குளத்துப் பம்புகளும் உண்டு. ஜெர்மனியின் லோரென்ட்ஸ் நிறுவனம் அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களில் ஒன்று. வெயில் ஏறினால் வேகம் ஏறும், மேகம் வந்தால் இறங்கும். மின்கட்டணம் என்ற பேச்சே இல்லை. மின்கம்பி எட்டாத பண்ணை வீட்டுக்கும் மின்சாரத்தை ஏற்க கிரிட் மறுக்கும் இடத்துக்கும் அது சிறந்த தீர்வு. நகரத்து வீட்டுக்கு அதில் ஒரு குறை இருக்கிறது. குளத்துக்குத் தேவை முடிந்த பிறகு அந்தப் பேனல்களின் மின்சாரம் வேறு எதற்கும் உதவாது. அதே பேனல்கள் வீட்டு இன்வெர்ட்டரோடு இணைந்திருந்தால் மிச்சம் துணி துவைக்கும், வெந்நீர் வைக்கும், காரை நிரப்பும். தவிர, நேர் மின்னோட்டக் கம்பிகளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுசெல்வது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. அதைச் சொந்த முயற்சியில் செய்து பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

பேட்டரி? ஆஸ்திரேலிய அரசு 2025 ஜூலை 1 முதல் வீட்டு பேட்டரிக்குச் சுமார் 30 விழுக்காடு தள்ளுபடி தருகிறது, விற்பனையும் சூடுபிடித்திருக்கிறது. ஆனால் குளத்துப் பம்புக்காக பேட்டரி வாங்குவதில் பொருளில்லை. மாலையில் சமைக்க மின்சாரம் மாலையில்தான் வேண்டும். குளமோ நாளின் எந்த நேரத்திலும் தன் பங்கைப் பெற்றுக்கொள்ளும். காத்திருக்கத் தெரிந்த வேலைக்குச் சேமிப்பு எதற்கு? பேட்டரி உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியது வேறொன்று. குறுகிய குளிர்காலப் பகலில் பம்பு எடுக்கும் யூனிட் பேட்டரிக்குப் போயிருக்க வேண்டியதாக இருக்கலாம். அந்த மாதங்களில் நீந்துவாரும் குறைவு, பாசியும் குறைவு என்பதால் பம்பின் நேரத்தைத் தாராளமாகக் குறைக்கலாம்.

தண்ணீரைச் சூடாக்கக் கூரையில் விரிக்கும் கறுப்புக் குழாய்ப் பாய் இன்னொரு பக்கம். அது மின்சாரம் தயாரிப்பதில்லை. வெப்பத்தை மட்டும் பிடிக்கிறது. தண்ணீரைக் கூரைவரை ஏற்றும் செலவு அங்கே கூடுதலாகச் சேரும். அதற்கு முன் குளத்துக்கு ஒரு மூடுவிரிப்பு வாங்கலாம். திறந்த குளம் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 விழுக்காடு ஆவியாதலால் போவது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பில், மூடுவிரிப்பு புதிதாக ஊற்றும் தண்ணீரை 30 முதல் 50 விழுக்காடும் மருந்தை 35 முதல் 60 விழுக்காடும் மிச்சப்படுத்துகிறது. இலை விழாத குளத்துக்கு வடிகட்டலும் குறைவாகவே தேவைப்படும்.

டைமரைத் திருப்பும்போது மறக்கக் கூடாத ஒரு சிறு விஷயம்: கோடைக்காலக் கடிகார மாற்றம். சிட்னியில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஒரு மணியை ஒட்டிக் காட்டும். பேனல்கள் மேற்கு நோக்கி இருந்தால் விளைச்சல் இன்னும் தள்ளிப்போகும். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என்று வைத்தவர் சிறந்த வெயிலில் பாதியைத் தவறவிடுவார்.

கூரையில்லாதவர்களுக்கும்

ஆஸ்திரேலியாவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் சோலார் இருக்கிறது. மூன்று வீட்டுக்கு ஒன்று. மீதி இரண்டில் வாடகைக்காரர்களும் நிழல் விழும் கூரைக்காரர்களும் முதலீட்டுக்குப் பணமில்லாதவர்களும் இருக்கிறார்கள். நண்பகல் மின்சாரத்தின் மலிவு அவர்களையும் போய்ச்சேர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. தெற்கு ஆஸ்திரேலியாவின் விநியோக நிறுவனம் 2020 ஜூலையில் காலை 10 முதல் மாலை 3 வரை கம்பிக் கட்டணத்தைக் குறைத்து வழிகாட்டியது. மிஞ்சும் வெயிலை உறிஞ்சும் பஞ்சு என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தது.

2025 நவம்பரில் ஒன்றிய அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. 2026 ஜூலை முதல் நியூ சவுத் வேல்ஸ், தென்கிழக்கு குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில், பகலில் குறைந்தது மூன்று மணி நேரம் இலவச மின்சாரம் தரும் திட்டம் ஒன்றை மின் விற்பனை நிறுவனங்கள் வீடுகளுக்கு வழங்க வேண்டும் என்று அறிவித்தது. சோலார் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். சொந்தக் கூரையில் ஒரு பேனலும் இல்லாத வீட்டிலும், அந்த மூன்று மணி நேரத்தில் 50,000 லிட்டர் குளத்தைப் பழைய மோட்டாரே ஏறக்குறைய ஒருமுறை சுற்றி முடித்துவிடும். அதற்கு வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, தேர்ந்தெடுத்த திட்டத்தின் இலவச நேரம் எது என்று ரசீதில் பார்த்து, பம்பின் டைமரை அதற்குள் கொண்டுவருவதுதான்.